நாளொரு புள்ளி: லிந்துலையிலிருந்து சைக்கிளில் ஜியோஹேஷிங்

ஜியோஹேஷிங் என்பது, அன்றன்று கணக்குப் போட்டுக் கிடைக்கும் ஓரிடத்துக்கு அன்றைக்கே போய்ச் சேரும் பொழுதுபோக்கு. இடத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அன்றைய திகதியும் நியூயோர்க் பங்குச் சந்தையின் ஓர் எண்ணும் சேர்ந்து ஓர் அகலக்கோட்டையும் ஒரு நெடுங்கோட்டையும் தருகின்றன. அவை வெட்டும் புள்ளி தேயிலை மலையில் விழலாம், வயலில் விழலாம், யாரோ ஒருவரின் வீட்டுக் கொல்லையிலும் விழலாம். நடந்தும், பஸ்ஸிலும், காரிலும், படகிலும் போகிறவர்கள் உண்டு. சைக்கிளில் போய்ச் சேர்வதை இவர்கள் தனிச் சாதனையாகக் குறித்து வைக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்குக்குத் தகுந்த வாகனம்தான் சைக்கிள். ஒரே நாளில் ஐம்பது அறுபது கிலோமீற்றர் போய்வரலாம்; கார் நுழையாத ஒற்றையடிப் பாதையில் உருட்டிக்கொண்டும், அதுவும் இல்லாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டும் போகலாம்.

இதற்கு வழி காட்டியவர் ரண்டல் மன்ரோ. பௌதிகம் படித்து, நாசாவில் சிறிது காலம் வேலை பார்த்து, பின்னர் முழுநேரச் சித்திரக்காரர் ஆன அமெரிக்கர். 2007இல் அவர் தமது ‘எக்ஸ்கேசிடி’ இணையச் சித்திரத் தொடரில் ஒரு புள்ளியையும் ஒரு நாளையும் குறிப்பிட்டிருந்தார். அந்த நாளில், செப்டெம்பர் 23ஆம் திகதி, மசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரப் பூங்காவொன்றில் முன்பின் தெரியாத வாசகர்கள் நூற்றுக்கணக்கில் வந்து கூடினார்கள். அடுத்த ஆண்டு, 2008 மே 21ஆம் திகதி, தொடரின் 426ஆவது சித்திரமாக ஒரு கணக்கு முறையை வரைந்து வெளியிட்டார். கூடுமிடத்தை இனி ஒருவர் சொல்லத் தேவையில்லை. நாள் மாற மாற, கணக்கே புது இடத்தைச் சொல்லும். வட அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் அது வேகமாகப் பரவியது.

இதற்கு அண்ணன் முறையான பொழுதுபோக்குகள் இரண்டு உண்டு. 1996இல் தொடங்கிய ஒன்றில், அகலக்கோடும் நெடுங்கோடும் முழுப் பாகைகளில் வெட்டிக்கொள்ளும் இடங்களுக்குப் போய்ப் படமெடுக்கிறார்கள். பதுளைக்கு மேற்கே சில கிலோமீற்றரில் 7 பாகை வடக்கும் 81 பாகை கிழக்கும் சந்திக்கும் இடம் அப்படிப்பட்டது. மற்றது ஜியோகேஷிங். இடங்காட்டும் செய்மதிச் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே தொடக்கத்தில் நீக்கிய மறுநாளே, ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைப் புதைத்து, அது இருக்குமிடத்தின் எண்களை அறிவித்தார். தேடிப் போவதுதான் அதில் வேலை. முதலாவதில் இடங்கள் என்றும் மாறாதவை. இரண்டாவதில் இடத்தை ஒரு மனிதர் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறார். ஜியோஹேஷிங்கில் அந்த இரண்டும் இல்லை. போகிறவருக்கு முன் அந்த இடத்தை யாரும் பார்க்கத் தகுந்ததென்று சொல்லியிருக்கமாட்டார்கள். இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

கணக்கு கடினமானதல்ல. முதலில் திகதி. அதன் பின்னால், டவ் ஜோன்ஸ் சராசரி அன்று தொடங்கிய எண். டவ் ஜோன்ஸ் என்பது அமெரிக்காவின் 30 பெரிய கம்பனிகளின் பங்கு விலைகளைக் கொண்டு கணிக்கும் குறியீடு. மன்ரோ தமது சித்திரத்தில் காட்டிய எடுத்துக்காட்டு 2005 மே 26ஆம் திகதிக்கு உரியது. அன்று சந்தை 10458.68இல் தொடங்கியது. ஆகவே கணினிக்குக் கொடுக்க வேண்டிய வரி: 2005-05-26-10458.68. இந்த வரியை எம்.டி.5 என்ற முறைக்குள் போட்டால் 32 இலக்கங்கள் வெளிவரும். அவை பதினாறை அடியாகக் கொண்ட எண்கள். முதல் 16 இலக்கங்களை ஒரு பின்னமாகவும் அடுத்த 16ஐ இன்னொரு பின்னமாகவும் எடுத்து, நாம் எழுதும் பத்தடி எண்ணுக்கு மாற்றினால் 0.857713, 0.544543 என்று கிடைக்கும். முதலாவது அகலக்கோட்டின் தசமப் பகுதி, இரண்டாவது நெடுங்கோட்டின் தசமப் பகுதி. தாம் இருக்கும் ஊரின் முழுப் பாகைகளை அவற்றின் முன்னால் சேர்த்துக்கொண்டால் புள்ளி தயார்.

எம்.டி.5ஐ 1991இல் ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற கணினி அறிஞர் வடிவமைத்தார். உள்ளே போகும் வரியில் ஓர் இலக்கம் மாறினாலும் வெளிவரும் இலக்க வரிசை அடியோடு மாறிவிடும். இரகசியங்களைக் காக்க இன்று அது போதாது, ஆனால் இந்த வேலைக்கு அது தாராளம். டவ் ஜோன்ஸ் எண்ணைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. திகதி மட்டும் போதுமென்றால் அடுத்த பத்தாண்டுப் புள்ளிகளையும் இன்றே கணித்து, வசதியான நாளைப் பொறுக்கி எடுத்துவிடலாம். சந்தை தொடங்கும் எண்ணோ உலகத்துக்கே ஒரே நேரத்தில்தான் தெரியவரும். ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேர், ஒரே கணக்கைப் போட்டு, ஒரே தேயிலைத் தூரடியில் சந்திக்க முடிவது இதனால்தான். சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்குப் புள்ளியில் கூடுவது இவர்களின் வழக்கம்.

ஆசியாவில் இருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நியூயோர்க்கில் காலை 9.30க்குச் சந்தை திறக்கும்போது இலங்கையில் மாலை 7 மணி. அமெரிக்கக் குளிர்கால நேரத்தில் இரவு 8 மணி. அதற்குப் பிறகு புள்ளியைக் கணித்து அன்றைக்கே போவது எப்படி? அதனால் 30 பாகை மேற்கு நெடுங்கோட்டுக்குக் கிழக்கே உள்ள நாடுகளுக்கெல்லாம் முந்திய நாளின் தொடக்க எண்ணையே எடுப்பதென்று விதி செய்தார்கள். இதனால் நமக்கு நட்டமில்லை, இலாபந்தான். அமெரிக்கர் பொழுது விடிந்த பிறகுதான் இடத்தை அறிகிறார். இலங்கையில் இருப்பவர் முந்திய இரவே அறிந்து, வரைபடத்தை விரித்துவைத்துப் பாதை பார்க்கலாம். சனி, ஞாயிறு சந்தை இல்லாததால் சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாட்களுக்கும் வெள்ளிக்கிழமை எண்தான். திகதி வேறுபடுவதால் புள்ளிகள் மூன்றும் வேறு வேறு, ஆனால் மூன்றும் வெள்ளி இரவே தெரிந்துவிடும்.

பூமிப்பந்து ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு கட்டத்துக்கும் நாளுக்கு ஒரு புள்ளி. நுவரெலியா மாவட்டத்து லிந்துலை ஏறத்தாழ 6.92 பாகை வடக்கிலும் 80.68 பாகை கிழக்கிலும் இருப்பதால் அது ‘6, 80’ கட்டத்தைச் சேர்ந்தது. தலவாக்கலை, ஹட்டன், நானுஓயா, நுவரெலியா, இரத்தினபுரி, பண்டாரவளை, எம்பிலிப்பிட்டி, காலி எல்லாம் இதே கட்டத்துக்குள் வருகின்றன. கண்டி வடக்கே அடுத்த கட்டம், கொழும்பு மேற்கே, பதுளை கிழக்கே. நம் பகுதியில் கட்டமொன்றின் பக்கம் சுமார் 110 கிலோமீற்றர், பரப்பு ஏறத்தாழ 12,200 சதுர கிலோமீற்றர். நுவரெலியா மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு. துருவத்தை நோக்கிப் போகப் போக நெடுங்கோடுகள் நெருங்குவதால் ஜேர்மனியில் கட்டங்கள் ஒடுங்கிப் போகின்றன. அங்கே கிழக்கு மேற்காக எழுபது கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும்.

கட்டத்தின் எல்லையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அடுத்த கட்டத்துப் புள்ளிக்கும் போகலாம். எல்லாக் கட்டங்களுக்கும் அன்றைய தசமப் பகுதி ஒன்றே என்பதால் புள்ளிகள் 110 கிலோமீற்றர் இடைவெளியில் வரிசையாக அமைகின்றன. உதாரணமாக ஒரு நாள் தசமங்கள் 0.10, 0.65 என்று வந்தால், சொந்தக் கட்டத்துப் புள்ளி மாத்தறை மாவட்டத்து ஹக்மனைப் பக்கம் போய்விடும். லிந்துலையிலிருந்து அது எட்டாத தூரம். ஆனால் வடக்கே ‘7, 80’ கட்டத்தின் புள்ளி புசல்லாவைப் பக்கம், நேர்கோட்டில் இருபது கிலோமீற்றரில் விழுந்திருக்கும். இப்படி மிக நெருங்கிய புள்ளியையே எடுத்துக்கொண்டால் அது எந்த நாளும் நேர்கோட்டில் 78 கிலோமீற்றருக்கு மேல் போகாது. சராசரி 42 கிலோமீற்றர். இருபது கிலோமீற்றருக்குள் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று. பத்துக் கிலோமீற்றருக்குள் என்றால் ஏறத்தாழ நாற்பது நாளைக்கு ஒரு தடவைதான்.

லிந்துலைக்கு இன்னொரு கொடுப்பினை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் புள்ளி கடலுக்குள் விழுந்து பல நாட்களை இழப்பார். லிந்துலையைச் சுற்றி எந்தத் திசையிலும் ஐம்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளிப் பார்த்தாலும் நிலந்தான். மிக நெருங்கிய புள்ளி நீர்த்தேக்கத்தில் விழலாம். கடலில் ஒருநாளும் விழாது. தீவொன்றில் வாழும் ஜியோஹேஷருக்கு இது சாதாரண வாய்ப்பல்ல.

மன்ரோவின் எடுத்துக்காட்டுத் தசமங்களையே ‘6, 80’ கட்டத்தில் பொருத்திப் பார்த்தால் 6.857713, 80.544543 என்று வருகிறது. அது மஸ்கெலியாப் பக்கம், மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குச் சற்று வடக்கே, சிவனொளிபாதமலையிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ ஏழு கிலோமீற்றரில் விழுகிறது. லிந்துலையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் பதினாறு, பதினேழு கிலோமீற்றர். ரோட்டிலோ தலவாக்கலைக்கு இறங்கி, கொட்டகலை, ஹட்டன், நோர்வூட் என்று சுற்றி, மஸ்கெலியா ரோட்டைப் பிடித்துப் போக வேண்டும். தூரம் இருமடங்குக்கு மேல். மலைநாட்டில் வரைபடத்துத் தூரத்தை நம்பிப் புறப்படக் கூடாது என்பதற்கு இந்த ஒரு புள்ளியே போதும். முந்நூறு மீற்றர் தள்ளி எதிர்ப்பக்க மலையில் தெரியும் இடத்துக்குப் போக, நடுவே ஓடும் ஓயாவைக் கடக்கப் பாலம் தேடி ஐந்து கிலோமீற்றர் சுற்ற வேண்டிவரும்.

தூரத்தை விட ஏற்றமே சைக்கிள்காரரின் உண்மையான அளவுகோல். தலவாக்கலை நகரம் சுமார் 1,200 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றரிலும் இருக்கின்றன. இடையில் ரோட்டில் சுமார் முப்பது கிலோமீற்றர். ஆளும் சைக்கிளும் மூட்டையுமாக 85 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாரத்தை ஏறத்தாழ 670 மீற்றர் உயர்த்துவதற்கு மட்டும், நிதானமாக மிதிக்கும் ஒருவரின் 100 வாற்று வலுவில் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். காற்றுக்கும் டயரின் உராய்வுக்கும் போவது வேறு கணக்கு. லுமாலா போன்ற ஒற்றைக் கியர் சைக்கிளில் இந்த ரோட்டை உருட்டித்தான் ஏற முடியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்னால் சிறிய பல்சக்கரமும் பின்னால் முப்பதுக்கு மேற்பட்ட பற்கள் கொண்ட பெரிய சக்கரமும் உள்ள மலைச் சைக்கிள் கிடைத்தால் நல்லது. ஏறுவதை விட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். மழையில் நனைந்த விளிம்பில் ரப்பர் பிரேக் பிடிக்கத் தாமதிக்கும். கொழுந்து லொறி வளைவில் எதிரே வரும். தோட்டத்துக் கல் ரோட்டில் காற்றைச் சற்றுக் குறைத்த தடித்த டயர் வேண்டும்.

கடைசி நூறு மீற்றருக்குச் சைக்கிள் உதவாது. பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக் கல் ரோட்டுக்கும், அங்கிருந்து கொழுந்து மடுவத்துக்கும் வந்து, சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். தேயிலை மலைக்குள் கால் வைக்கும் இடம் நிரைகளுக்கு நடுவேதான். மண் அரித்துப் போகாமல் சரிவுக்குக் குறுக்கே கான்கள் வெட்டப்பட்டிருக்கும். கவ்வாத்து வெட்டாத செடி இடுப்பளவு நிற்கும், அதற்கடியில் கான் கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் பிசகுவது அங்கேதான். கையில் போன் இருந்தாலும் பார்வை காலடியில் இருக்க வேண்டும்.

புள்ளியின் எண்கள் ஆறு தசமம் வரை எழுதப்படுகின்றன. ஆறாவது தசமம் நிலத்தில் 11 சென்ரிமீற்றர். ஆனால் சாதாரணப் போன், திறந்த வானத்தின் கீழ் சுமார் ஐந்து மீற்றர் வரைதான் துல்லியம் காட்டும். நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட தேயிலையில் அந்த ஐந்து மீற்றர் வட்டத்துக்குள் நூறு தூர்கள் அடங்கிவிடும். இதில் எந்தத் தூர் என்று போன் சொல்லாது. பள்ளத்தாக்கிலும் சவுக்கு மர நிழலிலும் செய்மதிகள் சில மறைந்துபோய்ப் பிழை இன்னும் கூடும். போனின் பிழையெல்லைக்குள் புள்ளி வந்துவிட்டால் சேர்ந்ததாகக் கொள்வதுதான் நியாயம். திரையில் தெரியும் எண்களைப் படமெடுத்துக்கொள்வது சான்று. வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை கிடைக்காது.

எண்ணைக் கொண்டு இடத்தைத் தேடிப் போவது இந்த மலைகளுக்குப் புதிதல்ல. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது. செய்மதிகள் இல்லாத காலத்தில் அளவையாளர்கள் கோணமானியைச் சுமந்துகொண்டு சிகரம் சிகரமாக ஏறி முக்கோணங்களால் தீவை அளந்தார்கள். நாட்டின் வரைபடக் கட்டங்களுக்கு ஆதாரப் புள்ளியாக இன்றும் இருப்பது நுவரெலியாவின் தலைக்கு மேல் நிற்கும் 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல. 1999இல் வகுத்த முறைப்படி அந்தச் சிகரத்துக்கு கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று எண் கொடுத்து, மற்ற இடங்களை அதிலிருந்து அளக்கிறார்கள். லிந்துலை அதற்கு மேற்கே சுமார் பத்துக் கிலோமீற்றரிலும் தெற்கே சுமார் ஒன்பது கிலோமீற்றரிலும் இருப்பதால், அதன் எண்கள் ஏறத்தாழ 490,000, 491,000 என்று வரும். சிகரம் 7 பாகைக் கோட்டைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ‘6, 80’ கட்டத்தின் வடக்கு எல்லை நாட்டின் மிக உயர்ந்த இடத்தின் அருகால் போகிறது.

இனி, அனுமதி. அடுத்தவர் நிலத்துக்குள் அத்துமீறக் கூடாது என்பது ஜியோஹேஷிங்கின் முதல் ஒழுங்கு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருக்கின்றன. நாகசேனையோ ஹென்போல்டோ மெராயாவோ, புள்ளி எந்தத் தோட்டத்தில் விழுந்தாலும் முதலில் தோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஞாயிறு பெரட்டு இல்லை, மலையில் வேலை நடக்காது, போவதற்கு அதுவே நல்ல நாள். அந்த நாளின் புள்ளி வெள்ளி இரவே தெரிந்துவிடுவதால், சனிக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும்போதே துரையிடம் சொல்லிவைக்க முடியும். புள்ளி லயத்து வாசலில் விழுந்தால் அங்கே குடியிருப்பவர்களின் சம்மதம் அலுவலகத்தின் சம்மதத்தை விடப் பெரிது. வந்த காரணத்தைச் சொல்லி, அவர்கள் வேண்டாமென்றால் திரும்பிவிட வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே குறித்த பாதையை விட்டு இறங்க முடியாது. பிதுருதலாகல உச்சி ஒளிபரப்புக் கோபுரங்கள் உள்ள பாதுகாக்கப்பட்ட இடம். போய்ச் சேர முடியாத புள்ளி என்று திரும்புவதும் இந்தப் பொழுதுபோக்கில் முறைப்படி பதிவாகும் முடிவுதான்.

ஆபத்துகளில் முதலிடம் குளவிக்கு. கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி இறக்கும் செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. மரத்திலோ பாறையிடுக்கிலோ கூடு தென்பட்டால் அந்தப் புள்ளியைக் கைவிடுவதே அறிவு. அக்கரப்பத்தனை, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு, எனவே பொழுது சாய்ந்தபின் தேயிலைக்குள் இருக்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், தலவாக்கலைச் சரிவுகளை நனைத்தபடி இருக்கும். அட்டையும் வழுக்கலும் அப்போது அதிகம். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் போகவே கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஏற்ற காலம். அப்போதும் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடுவதால், 4 மணிக் கூட்டம் என்ற வழக்கத்தை இங்கே விட்டுவிட்டுக் காலையிலேயே போய்வருவது மேல்.

உல்லாசப் பயணி மலைநாட்டில் பார்ப்பது டெவன் நீர்வீழ்ச்சியையும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியையும் இரண்டொரு காட்சி முனைகளையும்தான். ஜியோஹேஷர் போவது நம்பர் மட்டும் உள்ள ஒரு தேயிலை மலைக்கு, மரக்கறித் தோட்டத்துக்கு, கைவிடப்பட்டுக் காடாகிப்போன பழைய மலைக்கு. அங்கே வேலை செய்கிறவர்களின் நடைதூரம், தண்ணீர் வரும் வழி, பிள்ளைகள் பாடசாலைக்கு இறங்கும் படிக்கட்டு ஆகியவை சைக்கிள் வேகத்தில்தான் கண்ணில் படும். மலையகத்தை அறிந்துகொள்ள இதை விட நேர்மையான வழி சுற்றுலாக் கையேடுகளில் இல்லை.

லிந்துலை, தலவாக்கலைப் பகுதிப் பாடசாலைகளின் புவியியல் ஆசிரியர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை நியூயோர்க் சந்தை திறந்த பிறகு மாணவர்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைப் புள்ளியைக் கணியுங்கள். அதை 1:50,000 வரைபடத்தாளில் குறித்து, சமவுயரக் கோடுகளை எண்ணி ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். தூரம் அதிகமென்றால் அடுத்த வாரம் காத்திருங்கள். எட்டும் தூரத்தில் விழுந்தால், பெற்றோரிடமும் தோட்ட அலுவலகத்திலும் சனிக்கிழமையே அனுமதி கேட்டு வைத்துவிட்டு, ஞாயிறு காலை பனி விலகியதும் புறப்படுங்கள்.